சுவத்துக்கு எதுக்குங்க நாற்காலி

செல்லியின் வீட்டுக்குக் கதவு ஒன்று உண்டு. ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பரப்பு இயக்ககம் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

காவலூருக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலைக்குள் ஏரிக்கொல்லை என்று ஓர் ஊர். அதில் ஓட்டு வீடு ஒன்று செல்லியுடையது. கிழக்கே பார்த்த நீளச் சுவர், அதன் நடுவில் ஒரே கதவு. புருஷன் சிங்காரம் குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போயிருந்தான். வீட்டில் இருந்தது செல்லியும், கொண்டைச்சி என்கிற ஒரு கருங்கோழியும். செல்லி மேட்டுநிலக் கொல்லையில் சாமை போடுவாள், கோடை வந்தால் புளி உலுக்குவாள். அரசாங்கத்தோடு அவளுக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அரசாங்கம் அதுவரை அவள் வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பரப்பு இயக்ககத்தின் வேலை, கண்ணில் படும் எந்தப் பரப்பையும் அலுவலகம் ஆக்குவது. ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் ஒளி வீசும் பெட்டி ஒன்றையும் கேமரா ஒன்றையும் மாட்டுவார்கள். பெட்டி, சுவரின் மேல் ஆபீஸைப் படமாக விழவைக்கும். யாராவது சுவரைத் தொட்டால், விரல் எந்தப் பொத்தானில் பட்டது என்று கேமரா பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் வேண்டாம், குமாஸ்தா வேண்டாம். குமாஸ்தா வேண்டாம் என்பதைக் கண்காணிக்க மட்டும் ஓர் இணை இயக்குநர், ஒரு பரப்பு அலுவலர், ஒரு டெக்னீஷியன், ஒரு ஜீப்.

பரப்பு அலுவலர் தேவயானி ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்லியின் சுவர் முன்னால் நின்றாள்.

"யம்மா, உங்க சுவருக்குச் சும்மா வெள்ளை அடிச்சுத் தர்றோம். சம்மதமா?"

"சும்மாவா?"

"சும்மா."

சும்மா கிடைக்கிற வெள்ளையை யார் வேண்டாம் என்பார்கள்? செல்லி தலையாட்டினாள். ஆட்கள் வந்து சுவருக்கு அடித்தார்கள். அப்படியே கதவுக்கும் அடித்தார்கள், தாழ்ப்பாளுக்கும் அடித்தார்கள். வெயிலில் படம் தெரியாது என்று முற்றத்துக்கு மேலே கறுப்பு நிழல்வலை கட்டினார்கள். ஒளிப்பெட்டி நனையக்கூடாது என்று அதற்கு மட்டும் தகரத்தில் ஒரு கூரை போட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு இணை இயக்குநர் பாண்டுரங்கன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. முகத்தில் பவுடர். விழாவைத் தலைமையகம் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பொதுமக்களே! இதுவரை நீங்க மலையிறங்கிக் கலசப்பாக்கம் வந்தீங்க. அங்கே நாங்க சீட்டில் இல்லை. இனிமேல் அந்தக் கஷ்டம் வேண்டாம். உங்க ஊருக்கே வந்து நாங்க இல்லாம இருப்போம்!"

தேவயானி கைதட்டினாள். ஊரும் தட்டியது.

"காவலூர்ல பெரிய தொலைநோக்கி வச்சு எட்டாத நட்சத்திரத்தைப் பார்க்கிறாங்க. நாங்க எட்டுற சுவரைப் பார்க்கிறோம். சுவர் என்பது என்ன? அசையாது. பேசாது. பசிக்காது. உட்கார நாற்காலி கேட்காது. குடிமக்கள் எத்தனை தடவை தொட்டாலும் கோபப்படாது. அரசு ஊழியரிடம் எதிர்பார்த்து நாம் ஏமாந்த அத்தனை குணமும் ஒரு சுவரிடம் இருக்கிறது!"

கூட்டத்தில் கடைசியில் நின்ற மங்கம்மாள், பக்கத்தில் நின்ற செல்லியின் விலாவில் இடித்தாள்.

"ஏன்டி, உன் வூட்டு சுவரு பெரிய ஆளாய்ட்ச்சே."

"சும்மா இரு அண்ணி. நல்லாத்தானே பேசுறாரு."

விழா முடிந்து செல்லி கதவைத் திறக்கப் போனாள். தேவயானி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஆபீஸ் நேரத்துல கதவைத் தொறக்கக் கூடாதும்மா."

"ஏங்க?"

"தொறந்தா ஆபீஸ் நடுவுல ஓட்டை விழுமில்ல?"

"அப்ப நான் எப்டிங்க வூட்டுக்குள்ள போறது?"

"காலையில ஆபீஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போயிடுங்க."

"அப்பால வெளிய எப்டிங்க வர்றது?"

"சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வாங்க."

"கொல்லைக்குப் போவணுமேம்மா. களை நிக்குது."

"அப்படின்னா காலையிலயே வெளிய வந்துடுங்க. சாயந்திரம் உள்ள போங்க. ரெண்டுல எது சௌகரியமோ அது உங்க இஷ்டம். இயக்ககம் அதுல தலையிடாது."

"நடுவுல கஞ்சி குடிக்க?"

தேவயானி யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"ஓட்டு வூடுதானே? நாலு ஓட்டை எடுத்துட்டு மேல இருந்து இறங்குங்களேன். கூரை எங்க பரப்பு இல்ல."

மீறித் திறந்தால் என்ன ஆகும் என்று செல்லி மறுநாளே கண்டுபிடித்தாள். கதவு ஒரு சாண் அசைந்ததும் சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வதுபோல் இனிமையாகச் சொன்னது: "சேவைப் பரப்பு சேதமடைந்துள்ளது. இவ்வூருக்கான அனைத்துச் சேவைகளும் நிறுத்தப்படுகின்றன." அன்று ரேஷன் அரிசி போடும் நாள். ஊருக்கே அரிசி நின்றது. அதற்குப் பிறகு தேவயானி காவல் இருக்கத் தேவைப்படவில்லை. செல்லி கதவுப் பக்கம் திரும்பினாலே நாலு பேர் ஓடிவந்தார்கள்.

"ஏ செல்லி, தொறந்துடாதடி! என் பொண்ணுக்கு சாதி சான்று வர்ற நேரம்!"

அதனால் செல்லி ஏணி வைத்துக் கூரைவழியாகத் தன் வீட்டுக்குப் போய்வந்தாள். அந்த ஊரில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் அப்படிப் போனதில்லை, திருட வந்தவன்கூட.

முறையாகப் போவோம் என்று சுவரிடமே மனுக் கொடுத்தாள். சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும், அதுதான் முறை.

"என் வூட்டுக் கதவ நான் தொறந்துக்க உத்தரவு வேணுங்க."

"மனுதாரரின் முகவரி?"

"இதாங்க. நீ இருக்கிற எடம்தான்."

சுவர் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டது. "தாங்கள் குறிப்பிட்ட முகவரியில் அரசு அலுவலகம் இயங்குகிறது. அலுவலகத்தில் யாரும் வசிப்பதில்லை. மனு நிராகரிக்கப்பட்டது. தங்கள் நாள் இனிதாகட்டும்."

அன்று மத்தியானம் கொண்டைச்சி சுவரில் ஊர்ந்த எறும்பு ஒன்றைக் கொத்தியது. எறும்பு இருந்த இடம், 'தையல் பயிற்சி வேண்டுமா?' என்பதற்குக் கீழே இருந்த 'ஆம்' என்கிற பொத்தான். கோழிக்குத் தையல் பயிற்சிக்கு ஆணை வந்துவிட்டது.

"கோழிங்க மேடம் அது!"

"ஆணை வந்துட்டா வந்ததுதாம்மா. பயனாளி நேர்ல வரலன்னா எங்களுக்குத்தான் கெட்ட பேரு."

செல்லி கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு கலசப்பாக்கம் போனாள். பயிற்சிக்கு வந்தவர்களிலேயே அமைதியாக இருந்தது கொண்டைச்சிதான் என்று அங்கிருந்த டீச்சரம்மா பாராட்டினாள். சுவரில் அதன் படம் வந்தது, 'வெற்றிப் பெண்மணி' என்று. படத்துக்குக் கீழே, கதவு இருந்த இடத்தில், கழுத்துப்பட்டியோடு பாண்டுரங்கனின் படமும் வந்தது.

இதையெல்லாம் செல்லி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஐப்பசியில் நடந்தது.

அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருந்தது. அடித்துத் தூற்றி, வலைக்கு வெளியே முற்றத்தில் குவித்திருந்தாள். ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே கொட்டிவிடலாம் என்று கணக்கு. மத்தியானமே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழும்போது தேவயானி வலைக்கடியில் குடை பிடித்து நின்றிருந்தாள்.

"மேடம், சாமை நனையுதுங்க!"

"தெரியுதும்மா. கேமராவுலயும் தெரியுது. பதிவாயிடுச்சு."

"பதிவாயி இன்னாங்க பண்றது? கதவ தொறந்தா அள்ளி உள்ள கொட்டிக்குவேன். ஒரு நொடிங்க!"

"நான் வேண்டாம்னா சொல்றேன்? தொறந்தா எல்லாருக்கும் அரிசி நிக்கும். நீங்களே அவங்களக் கேட்டுட்டுத் தொறங்க."

செல்லி திரும்பிப் பார்த்தாள். மங்கம்மாள் தரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு கோபால்சாமி வானத்தைப் பார்த்தார். அப்புறம் ஆளுக்கொரு புடவையும் சாக்கும் கொண்டுவந்து மூட ஓடினார்கள். காற்று புடவையைத் தூக்கி ஏரிப்பக்கம் போட்டது. ஒரு வருஷத்துச் சோறு சிவப்புத் தண்ணீரோடு சேர்ந்து போயிற்று. தங்கியது முற்றத்திலேயே முளைவிட்டது. சாமை முளைத்தால் மலையில் சந்தோஷப்படுவார்கள், கொல்லையில் முளைத்தால்.

செல்லி அழவில்லை. ஏணியில் பாதி ஏறி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அடுத்து நடந்ததை அவள் மேலேயிருந்து முழுசாகப் பார்த்தாள்.

மழை முற்றத்துச் செம்மண்ணை வாரிச் சுவரில் அடித்தது. வெள்ளைச் சுவர் சிவப்பாயிற்று. ஆபீஸ் நடுங்கியது, மறைந்தது, அப்புறம் கோபால்சாமியின் வேட்டியில் போய் விழுந்தது.

"ஏய்! இன்னாது இது? என் மேல ஏதோ எரியுது!"

"மாமா, ஓடாதீங்க மாமா! பட்டா உங்க முதுகுல இருக்குது!" என்று மங்கம்மாள் துரத்திக்கொண்டு ஓடினாள்.

"அடச்சீ, கைய எடுடி!"

அவர் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தும்வரை ஊரின் அத்தனை சேவைகளும் அவர் பின்பக்கத்தில் ஓடின. மறுநாள் சுவருக்கு மறுபடி வெள்ளை அடிக்கக் கண்ணமங்கலத்திலிருந்து டெக்னீஷியன் அருண்ராஜ் வந்தான். செல்லி அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

"ஏம்பா, அது ஏன் மாமா வேட்டிக்குப் போச்சு?"

"அது வெள்ளையா இருக்கிற எடத்தத் தேடிக்கும்க்கா. சுவர் அழுக்காயிட்டா, பக்கத்துல எது வெளுப்போ அங்க தாவிடும். அதக் கண்டுபிடிச்சதுக்குத்தான் எங்க சார் விருது வாங்கினாரு."

"சட்டையா இருந்தாலும் தாவுமா?"

"வெள்ளைச் சட்டைன்னா தாவும்."

"உங்க சாரு எப்பவும் வெள்ளைதானே போடுவாரு?"

அருண்ராஜ் குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தான். சிக்னல் கிடைக்கவில்லை என்று அவனைக் கம்பத்தின் மேல் ஏற்றிவைத்து, கையில் தன் செல்போனைக் கொடுத்து, சார் கீழே நின்று சத்தமாகப் பேசிய நாள் ஒன்று உண்டு. அவன் சிரித்தான். செல்லிக்கு அது போதும்.

பங்குனியில் ஆய்வு வந்தது. சேவை ஒரு நொடியும் தடைப்படாமல் நடப்பதைத் தலைமையகமும் செயலாளரும் கேமராவில் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் பாண்டுரங்கனுக்கு இயக்குநர் பதவி கொடுப்பார்கள் என்று தேவயானியே வந்து சொன்னாள். அப்போது செல்லியின் முற்றத்தில் உலுக்கிய புளி முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. கோடைமழை எந்நேரமும் வரலாம். நனைந்தால் புளி கறுத்துப் புழுத்துப் போகும். சாமை போன வருஷத்தில் அவளுக்கு மிச்சம் அந்தப் புளிதான்.

அன்று விடிந்ததும் செல்லி செம்மண்ணில் சாணியைக் குழைத்தாள். பெரிய மனுஷர் வீட்டுக்கு வந்தால் மெழுகி வரவேற்பது அந்தப் பக்கத்து மரியாதை. ஆனால் தரையை மெழுகுவதுதான் வழக்கம். செல்லி சுவரையும் மெழுகினாள், கதவையும் மெழுகினாள், வெள்ளை ஒரு பொட்டும் தெரியாமல். ஊர்ப் பெண்களும் கை கொடுத்தார்கள். ஐப்பசியில் தரையைப் பார்த்த மங்கம்மாள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். கொடியில் கிடந்த வேட்டி உள்ளே போயிற்று. வெள்ளாடு கொல்லைக்குப் போயிற்று. கோபால்சாமி லுங்கி கட்டிக்கொண்டார்.

ஜீப் வந்தது. முதலில் இறங்கிய தேவயானி அலறினாள்.

"அய்யய்யோ! சுவரை என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"மரியாதைங்க மேடம்," என்றாள் செல்லி. "அய்யா வர்றாரில்ல."

அதற்குள் பாண்டுரங்கன் பவுடர் கலையாமல் இறங்கி, கேமராவுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே சுவர் முன்னால் வந்து நின்றுவிட்டார். மேலே பெட்டி ஒருமுறை உறுமியது. ஒளி சுவரைத் தடவியது, முற்றத்தைத் தடவியது, பிறகு ஒரு நிம்மதியோடு அவர் மேல் வந்து உட்கார்ந்தது.

"புதிய சேவைப் பரப்பு கண்டறியப்பட்டது," என்றது அந்த இனிய குரல். "தரம்: மிக நன்று. பரப்பு அசையாமல் இருக்கவும்."

பாண்டுரங்கன் குனிந்து பார்த்தார். வயிற்றில் ரேஷன், மார்பில் பட்டா, தோளில் சாதிச் சான்று. அவர் வாயைத் திறக்குமுன் தேவயானியின் கையிலிருந்த போனில் தலைமையகம் கூவியது.

"பிரமாதம் பாண்டுரங்கன்! இப்படி ஒரு செயல்விளக்கம் நாங்க எதிர்பார்க்கல! அப்படியே நில்லுங்க. செயலாளர் டீ குடிக்கப் போயிருக்கார், வந்து பார்க்கணும். நடுவுல கட் ஆச்சுன்னா எல்லாம் போச்சு!"

பாண்டுரங்கன் மூச்சை இழுத்துப் பிடித்தார். இயக்குநர் நாற்காலி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இதுதான்... இதுதான் எங்கள் தொழில்நுட்பம்!" என்றார் உதடு அசையாமல்.

"சேவை ஆரம்பிச்சாச்சாம்," என்று மங்கம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "வரிசையா வாங்கடி."

அவள் முதல் ஆளாகப் போய் ரேஷனை அழுத்தினாள். இணை இயக்குநரின் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது.

"அழுத்தம் போதவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

"போதலியாங்க!" என்று மங்கம்மாள் முஷ்டியை மடக்கினாள்.

"யம்மா... மெதுவா..."

"பேசாதீங்க அய்யா, சுவரு பேசாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்புறம் ஜெயசுதா வந்தாள், புளி உடைத்த கையோடு. தமிழரசி வந்தாள், சாணி மெழுகிய கையோடு. மனு இல்லாதவர்களும் வந்தார்கள், வந்து நின்றபின் மனு ஞாபகம் வந்தது. லுங்கியோடு கோபால்சாமி வந்து, பொத்தான் எதுவுமே இல்லாத முதுகில் நிதானமாக ஒரு குத்து விட்டுவிட்டு, "தப்பான எடம் போல," என்று சொல்லிக்கொண்டே போனார். கொண்டைச்சி வந்து ஷூவைக் கொத்தியது. அதற்கு இரண்டாம் கட்டத் தையல் பயிற்சிக்கு ஆணை கிடைத்தது.

தேவயானி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சார், தலைமையகம் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க சார்."

"கால் வலிக்குது தேவயானி. ஒரு நாற்காலி போடு."

செல்லி முன்னால் வந்தாள்.

"சுவத்துக்கு எதுக்குங்க நாற்காலி?"

செல்லி அவருக்கு நேரே நின்று, முறைப்படி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"என் வூட்டுக் கதவ நான் தொறந்துக்க உத்தரவு வேணுங்க."

"மனுதாரரின் முகவரி?"

"இதோ பின்னால இருக்குதே, இந்த வூடு."

வட்டம் பாண்டுரங்கனின் தொப்புளைச் சுற்றிச் சுற்றி வந்தது. "தாங்கள் குறிப்பிட்ட முகவரியில் அரசு அலுவலகம் எதுவும் இயங்கவில்லை. மனு ஏற்கப்பட்டது. உறுதி செய்ய 'ஆம்' என்பதை அழுத்தவும்."

செல்லி 'ஆம்' எங்கே என்று தேடினாள். பவுடர் பூசிய இடது கன்னத்தில், பளிச்சென்று இருந்தது.

"வேண்டாம்மா," என்றார் பாண்டுரங்கன்.

செல்லி மெதுவாக விரலால் தொட்டாள்.

"அழுத்தம் போதவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

அரசாங்கமே கேட்கும்போது மறுப்பது குடிமகளுக்கு அழகல்ல. செல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முளைவிட்ட சாமை அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏணியும் ஞாபகம் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டு ஏரிக்கரை மரத்திலிருந்து கொக்குகள் எழுந்ததாக ஊரில் சொல்கிறார்கள்.

"நன்றி. தங்கள் நாள் இனிதாகட்டும்."

அப்போதுதான் மேற்கே இடித்தது.

"ஏ, புளிய அள்ளுங்கடி!" என்று கத்திக்கொண்டே செல்லி போய்க் கதவைத் தள்ளினாள். வெயில் நேரத்தில் அந்தக் கதவு திறந்து பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. குரல் ஒன்றும் சொல்லவில்லை. கூடை கூடையாகப் புளி உள்ளே போயிற்று, தலைவாசல் வழியாக, யாரும் ஏணி ஏறாமல். கடைசிக் கூடை உள்ளே போனபோது முதல் தூறல் விழுந்தது.

நிழல்வலை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. தகரக் கூரைக்கடியில் ஒளிப்பெட்டி சௌகரியமாக இருந்தது. சொட்டு ஒவ்வொன்றும் பாண்டுரங்கனின் மேல் ஒவ்வொரு பொத்தானாக விழுந்தது. "மனு ஏற்கப்பட்டது. மனு ஏற்கப்பட்டது," என்று குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. மழைக்குப் பட்டா, மழைக்குச் சாதிச் சான்று, மழைக்கு ரேஷன் அட்டை.

"சார், எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கு சார்!" என்று தேவயானி ஜீப்புக்குள்ளிருந்து கத்தினாள். "செயலாளர் இன்னொரு டீ சொல்லியிருக்காராம். அசையாதீங்க சார்!"

பவுடர் கரைந்து காலருக்குள் இறங்கியது. பாண்டுரங்கன் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். திறந்த கதவுக்குள் அடுப்பு எரிந்தது. பெண்கள் புளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"யம்மா," என்றார். அது அதிகாரியின் குரல் இல்லை. "கொஞ்ச நேரம் உள்ள வந்து நிக்கட்டுமா?"

செல்லி வாசலுக்கு வந்தாள். கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வானத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்கு மேல வாங்க அய்யா," என்றாள். "ஆபீஸ் நேரத்துல கதவ தொறக்கக் கூடாதுங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"அவசரம்னா ஏணி அங்கதாங்க சாத்தியிருக்குது."